எண்ணெய் விலையும் மக்களாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கச்சா எண்ணெய் விலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது லாரிக்கு ஆகும் டீசல் செலவு. அடுத்தது, இங்குள்ள ஆலைகளிலிருந்து சவூதி அரேபியா முதலிய நாடுகளுக்குப் போகும் மாங்கூழ்; அதற்கும் அடுத்தது, அந்த நாடுகளில் வேலை பார்க்கும் உறவினர்கள். எண்ணெயை விற்கும் நாடுகளில் ஆட்சி எப்படி நடக்கிறது, விலை ஏறி இறங்கும்போது அங்குள்ள மக்களின் உரிமைகளுக்கு என்ன நேர்கிறது என்று இங்கே அரசியல் அறிவியல் பயிலும் மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரும் கேட்பதுண்டு. அக்கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

எண்ணெய்க்கும் மக்களாட்சிக்கும் என்னதான் தொடர்பு?

ஓர் அரசு தன் செலவுக்கான பணத்தை யாரிடமிருந்து பெறுகிறது என்பதில்தான் தொடர்பு இருக்கிறது. குடிமக்களிடம் வரி வாங்கி நடக்கும் அரசு, வரி கொடுப்போரின் கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் பதில் சொல்லியாக வேண்டும். நிலத்தடியிலிருந்து எடுத்து வெளிநாட்டாருக்கு விற்கும் எண்ணெயே வருவாயில் பெரும்பங்காக உள்ள அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஈரானியப் பொருளாதார அறிஞர் ஹுசைன் மஹ்தவி 1970-இல் தம் நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தக் கருத்தை விளக்கினார். பின்னர் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் போட்ட தடத்திலேயே நடக்கின்றன.

இதற்குக் குவைத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எண்ணெய் கிடைப்பதற்கு முன் குவைத்தின் வாழ்வு முத்துக்குளிப்பையும் கடல் வாணிகத்தையும் நம்பி இருந்தது. ஆட்சியாளரின் கருவூலத்தை நிரப்பியவர்கள் வணிகர்கள். அந்த வணிகர்கள் 1938-இல் ஒன்றுகூடி, வரவு செலவைக் கண்காணிக்க ஒரு சட்டப் பேரவை வேண்டும் என்று ஆட்சியாளரை இணங்க வைத்தனர். அது சில மாதங்களிலேயே கலைக்கப்பட்டது. அதே 1938-இல்தான் புர்கான் பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1946-இல் ஏற்றுமதி தொடங்கிய பிறகு, ஆட்சியாளர் வணிகர்களிடம் கையேந்த வேண்டிய நிலை முற்றிலும் மாறி, வணிகர்கள் அரசின் ஒப்பந்தங்களுக்காக ஆட்சியாளரிடம் போக வேண்டியதாயிற்று.

வரி வாங்காமல் இருப்பதோடு நிற்காமல், எண்ணெய்ப் பணத்தைக் கொண்டு அதிருப்தியை விலைக்கு வாங்கவும் முடியும். 2011-இல் அரபு நாடுகளில் கிளர்ச்சிகள் பரவியபோது சவூதி மன்னர் அப்துல்லா பிப்ரவரி, மார்ச் ஆகிய இரு மாதங்களில் ஏறத்தாழ 13,000 கோடி டாலர் மதிப்புள்ள வீட்டுவசதி, ஊதிய உயர்வு, வேலைவாய்ப்பு அறிவிப்புகளை வெளியிட்டார். அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. விலை 30 டாலராக இருந்திருந்தால் அத்தகைய அறிவிப்பு எளிதில் சாத்தியப்பட்டிருக்காது. சலுகையால் அடங்காதவர்களைக் காவல் படையால் அடக்கவும் அதே பணம் உதவுகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலை, இரும்பு, தாமிரம் விற்கும் நாடுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லையா?

ஓரளவு உண்டு, ஆனால் எண்ணெய் அளவுக்கு இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அந்தக் கைகள் வேலைநிறுத்தம் செய்தால் வருவாய் நின்றுபோகும். எண்ணெய்க் கிணற்றுக்கோ சில நூறு பொறியாளர்களும் தொழிலாளர்களும் போதும், அவர்களையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். கடலுக்கு நடுவே உள்ள கிணறாக இருந்தால் நாட்டு மக்களுக்கும் அதற்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்காது.

இதில் பலர் கவனிக்காத ஒரு காலக்கோடு உண்டு. 1970-களுக்கு முன் எண்ணெய் நாடுகளின் வருவாயில் பெரும்பங்கு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் போனது. ஈராக் 1972-லும் வெனிசுவேலா 1976-லும் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கின. சவூதி அரசு 1980-க்குள் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தை முழுமையாகத் தன் கைக்குக் கொண்டுவந்தது. இதற்கிடையே, 1973 அரபு-இஸ்ரேல் போரின்போது அரபு நாடுகள் விதித்த எண்ணெய் விற்பனைத் தடையால் பீப்பாய் 3 டாலர் அளவிலிருந்து 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. உடைமையும் விலையும் ஒரே சமயத்தில் அரசுகளின் பக்கம் சாய்ந்தன. அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் ராஸ், எண்ணெய் நாடுகளுக்கும் மற்ற வளரும் நாடுகளுக்கும் இடையிலான வேறுபாடு இந்தக் காலத்துக்குப் பின்னரே கூர்மையாகத் தெரிகிறது என்று காட்டியிருக்கிறார். 1980-க்குப் பின் லத்தீன் அமெரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் மக்களாட்சிக்கு மாறின. எண்ணெய் நாடுகளில் பெரும்பாலானவை அந்த வரிசையில் சேரவில்லை.

அப்படியானால், விலை ஏறினால் சுதந்திரம் குறையும், விலை இறங்கினால் சுதந்திரம் கூடும் என்று சொல்லிவிடலாமா?

அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃபிரீட்மன் 2006-இல் ஏறக்குறைய இதையே ஒரு விதியாக எழுதினார். கேட்பதற்கு அது கச்சிதமாக இருப்பதாலேயே பரவலாகவும் போய்ச் சேர்ந்தது. ரஷ்யாவை மட்டும் பார்த்தால் விதி பொருந்துவதுபோலத் தோன்றும். 1980-களின் தொடக்கத்தில் 35 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 1986-இல் 10 டாலரைத் தொட்டபோது, தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த சோவியத் அரசு கடனில் மூழ்கியது. 1991-இல் அந்த ஒன்றியமே கலைந்தது. 1998-இல் விலை மீண்டும் 12 டாலர் அளவுக்கு விழுந்தபோது ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரித்தது. புதின் 2000-இல் குடியரசுத் தலைவரான பிறகு விலை ஏறத் தொடங்கி 2008 ஜூலையில் 147 டாலர் வரை சென்றது. அந்த ஏற்றத்தின் போதுதான் எண்ணெய் அதிபர் கோடர்கோவ்ஸ்கி 2003-இல் கைது செய்யப்பட்டார், மாநில ஆளுநர்களுக்கான நேரடித் தேர்தல் 2004-இல் நீக்கப்பட்டது.

இருந்தாலும் இதை விதி என்று ஏற்பதற்கில்லை. ஆண்டுக்கு ஆண்டு விலைப்பட்டியலையும் அரசியல் நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று ஏறும்போது மற்றது உடனே இறங்குவதில்லை. கையிருப்பு உள்ள அரசு நான்கைந்து ஆண்டுகள் விலை வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அல்ஜீரியா 2011-இல் கிளர்ச்சியைச் சலுகைகளால் தணித்தது. 2014-இல் விலை சரியத் தொடங்கிய பின் அதன் அந்நியச் செலாவணி இருப்பு சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. 2019 ஏப்ரலில், தெருவில் இறங்கிய மக்களின் முன் அதிபர் பூத்தஃபிளிக்கா பதவி விலகினார். விலை வீழ்ச்சிக்கும் அரசியல் விளைவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டு இடைவெளி.

விலை வீழ்ந்தால் சர்வாதிகாரம் வீழும் என்றாவது எதிர்பார்க்கலாமா?

ஆட்சி தள்ளாடும் என்று எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதை விலை தீர்மானிப்பதில்லை. இந்தப் பொருளில் சொல்லத் தக்கது இது ஒன்றே என்று கருதுவதால், இங்கே சற்று விரிவாகவே பார்க்கலாம்.

அல்ஜீரியாவின் ஏற்றுமதி வருவாயில் எண்ணெயும் எரிவாயுவும் ஏறத்தாழ முழுவதையும் பிடித்திருந்த காலத்தில் 1986 வீழ்ச்சி வந்தது. இறக்குமதிக்குப் பணம் இல்லை, கடைகளில் பொருள் இல்லை, இளைஞர்களுக்கு வேலை இல்லை. 1988 அக்டோபரில் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஒரே கட்சி ஆண்டுகொண்டிருந்த நாட்டில் 1989-இல் பல கட்சிகளை அனுமதிக்கும் அரசியலமைப்பு வந்தது. 1990-இல் உள்ளாட்சித் தேர்தலும் 1991 டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றும் நடந்தன. இஸ்லாமிய மீட்பு முன்னணி வெற்றியை நெருங்கியதும், 1992 ஜனவரியில் இராணுவம் குறுக்கிட்டுத் தேர்தலை ரத்து செய்தது. அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விலை வீழ்ச்சி வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்தது. அதைக் காக்கும் நீதிமன்றமோ, இராணுவத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கமோ அங்கே இல்லை.

இந்தோனேசியாவின் கதை வேறு. சுகார்த்தோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட நாட்டில் 1997-இல் நாணய நெருக்கடி தொடங்கியது. எரிபொருள் மானியத்தைக் குறைத்து 1998 மே மாதத்தில் பெட்ரோல் விலையை ஒரே அடியாக 70 விழுக்காடு அளவுக்கு உயர்த்தியதும் நகரங்கள் பற்றி எரிந்தன. அதே மாதத்தில் சுகார்த்தோ விலகினார். 1999-இல் சுதந்திரமான தேர்தல் நடந்தது, அந்த மக்களாட்சி குறைகளோடு இன்றும் நிற்கிறது. அந்த நேரத்துக்குள் இந்தோனேசியா தொழிற்சாலைகளையும் வரி வருவாயையும் வளர்த்துக்கொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது; எண்ணெயை மட்டும் நம்பியிருந்த அல்ஜீரியாவைப்போல அது இல்லை.

நைஜீரியாவில் இராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா 1998 ஜூனில், விலை படுவீழ்ச்சி அடைந்திருந்த ஆண்டில் திடீரென மரணமடைந்தார். 1999-இல் குடிமக்கள் ஆட்சி திரும்பியது. இதை விலையின் கணக்கில் எழுதுவதா, ஒரு மனிதரின் மரணத்தின் கணக்கில் எழுதுவதா என்பது எளிதில் தீராத கேள்வி.

வெனிசுவேலா பல ஆண்டுகள் மக்களாட்சியாகத்தானே இருந்தது?

ஆம். சொல்லப்போனால் எளிய விளக்கங்களுக்கு அந்த நாடு போட்ட முட்டுக்கட்டை இன்னும் விலகவில்லை. 1958-இல் கட்சிகள் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அண்டை நாடுகள் பலவும் இராணுவத்தின் பிடியில் இருந்தபோது, வெனிசுவேலா தேர்தல் நடத்தி ஆட்சியை மாற்றிக்கொண்டிருந்தது. அந்த உடன்பாட்டுக்கு எண்ணெய்ப் பணமே உதவியது: எந்தத் தரப்பையும் வரியால் நோகடிக்காமல் எல்லோருக்கும் பங்கிட முடிந்தது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கை 1960-இல் நிறுவியவர்களில் ஒருவரான வெனிசுவேலா அமைச்சர் பெரஸ் அல்ஃபோன்சோ, பிற்காலத்தில் எண்ணெயைச் 'சாத்தானின் கழிவு' என்று சாடினார். அவர் அப்படிச் சாடியது விலை உச்சத்தில் இருந்த 1970-களில்.

1980-களில் விலை விழுந்ததும் பங்கிட ஒன்றும் மிஞ்சவில்லை. 1989 பிப்ரவரியில் அரசு எரிபொருள் விலையை உயர்த்தியது, பேருந்துக் கட்டணம் ஏறியது, தலைநகர் கராகஸில் மக்கள் வீதிக்கு வந்தனர், இராணுவம் சுட்டது. பழைய கட்சிகள் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை அந்த நாட்களில் உடைந்தது. 1998 டிசம்பரில், விலை அடிமட்டத்தில் இருந்தபோது, ஊகோ சாவேஸ் முறையான அதிபர் தேர்தலில் வென்றார். ஆக, குறைந்த விலை அங்கே மக்களாட்சியைப் பலவீனப்படுத்தியது. பின்னர் ஏறிய விலை, நீதிமன்றங்களையும் அரசு எண்ணெய் நிறுவனத்தையும் சாவேஸ் தம் வசப்படுத்திக்கொள்ளத் துணைநின்றது. இறங்கும்போதும் இழப்பு, ஏறும்போதும் இழப்பு. உலகிலேயே அதிக எண்ணெய் இருப்புள்ள நாடு என்று கணக்கிடப்படும் நாட்டின் நிலை இது.

நார்வே மட்டும் எப்படித் தப்பித்தது?

எண்ணெய் வந்தபோது நார்வேயில் ஏற்கெனவே எல்லாம் இருந்தது என்பதே விடை. அரசியலமைப்பு 1814-இல் வந்தது. பெண்களுக்கும் சேர்த்து அனைவருக்கும் வாக்குரிமை 1913-இல் வந்தது. எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கண்டறியப்பட்டது 1969-இல். வரி கொடுத்து, கணக்குக் கேட்டுப் பழகிய மக்களுக்குப் புதிய பணம் வந்தது. எண்ணெய் நிறுவனங்களின் இலாபத்தில் 78 விழுக்காடு வரியாகப் போகிறது. 1990-இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த நிதியத்தில் 1996 முதல் பணம் சேர்கிறது. அந்த நிதியம் நாட்டுக்கு வெளியே மட்டுமே முதலீடு செய்கிறது. ஆண்டுக்கு அதன் மதிப்பில் 4 விழுக்காடு, 2017-க்குப் பின் 3 விழுக்காடு என்ற அளவில்தான் அரசு செலவிட வேண்டும் என்ற வரையறை உண்டு. இதனால் விலை ஏறிய ஆண்டில் அமைச்சர்கள் அள்ளி வீசவும் முடியாது, இறங்கிய ஆண்டில் பள்ளிகளை மூடவும் வேண்டியதில்லை.

கிழக்குத் திமோர் 2005-லும், கானா 2011-லும் இதைப் பார்த்துத் தத்தம் சட்டங்களை இயற்றின. சட்டத்தை நகலெடுக்கலாம், 1814-ஐ நகலெடுக்க முடியாது என்று எள்ளுவோர் உண்டு. எனினும் இவ்விரு நாடுகளிலும் தேர்தல் வழியே ஆட்சி மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

எங்கள் உறவினர் குவைத்தில் இருக்கிறார். வரி இல்லை, மின்சாரம் மலிவு, மக்கள் வசதியாக இருக்கிறார்கள் என்கிறார். பிறகு எதற்கு வாக்குரிமை?

குவைத் குடிமக்களின் வசதியைப் பற்றி அவர் சொல்வது சரியே. 2011-இல் ஒவ்வொரு குடிமகனுக்கும் 1,000 தினார் அன்பளிப்பாகக் கொடுத்த நாடு அது. ஆனால் வளைகுடாவிலேயே ஓரளவு துடிப்பான நாடாளுமன்றம் இருந்ததும் அங்கேதான். அமைச்சர்களைக் கேள்வி கேட்ட அந்த நாடாளுமன்றத்தை 2024 மே மாதத்தில் அமீர் கலைத்து, நான்கு ஆண்டுகள் வரை அது கூடாது என்று அறிவித்தார். அன்பளிப்பாக வருவதை நிறுத்தினால் கேட்க வழியில்லை என்பதே வசதிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு.

உங்கள் உறவினரைப் போல வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டினரின் நிலை இன்னும் ஒரு படி கீழே. ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் வசிப்போரில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் வெளிநாட்டினர். அவர்களுக்கு வாக்கும் இல்லை, அந்தச் சலுகைகளும் இல்லை. விலை வீழ்ச்சியின் முதல் அடி விழுவதும் அவர்கள் மீதே. 2016-இல் சவூதியில் அரசு ஒப்பந்தப் பணம் நின்றுபோய்க் கட்டுமான நிறுவனங்கள் பல மாத ஊதியத்தை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் உணவுக்கே திண்டாடினர். இந்திய அரசு தலையிட வேண்டியிருந்தது.

வெளிநாட்டு வல்லரசுகளுக்கு இதில் பொறுப்பு இல்லையா?

உண்டு. ஈரானில் பிரதமர் மொசாடெக் எண்ணெயை 1951-இல் நாட்டுடைமை ஆக்கினார். 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு அவருடைய அரசு கவிழ்க்கப்பட்டது. எண்ணெய் தடையின்றி வர வேண்டும் என்ற கவலை, அதை விற்பவர் எப்படிப்பட்டவர் என்ற கவலையைப் பலமுறை வென்றிருக்கிறது. பஹ்ரைனில் 2011 கிளர்ச்சியை அடக்க சவூதிப் படைகள் நுழைந்தபோது மேற்கு நாடுகளின் குரல் மெலிந்தே ஒலித்தது.

அறிஞர்கள் அனைவரும் இந்தக் கருத்தை ஏற்கிறார்களா?

இல்லை. ஸ்டீபன் ஹேபர், விக்டர் மெனால்டோ ஆகியோர் 2011-இல், ஒரே நாட்டின் நீண்ட கால வரலாற்றை அந்த நாட்டோடே ஒப்பிட்டுப் பார்த்தால் எண்ணெய் வருவாய் சர்வாதிகாரத்தை வளர்த்ததற்கான சான்று கிடைப்பதில்லை என்றனர். சவூதி அரேபியாவில் எண்ணெய் இல்லாதிருந்தாலும் மன்னராட்சியே இருந்திருக்கலாம் என்பது அந்த வாதத்தின் சாரம். 1970-களுக்கு முந்திய ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அவர்கள் முடிவு அப்படி வருகிறது என்பது ராஸ் தரப்பின் மறுமொழி. எண்ணெய் சர்வாதிகாரத்தைப் பிறப்பிப்பதைவிட, ஏற்கெனவே இருப்பதை நீடிக்கச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டால் இரு தரப்பின் சான்றுகளும் பெரிய முரணின்றி நிற்கின்றன.

நம் மாவட்டங்களில் கிரானைட் இருக்கிறதே, அதையும் இப்படிப் பார்க்கலாமா?

ஒரு வரம்புக்குள் பார்க்கலாம். குவாரிக்கு அரசு வாங்கும் உரிமத்தொகையும் நிலத்தடியிலிருந்து வரும் பணமே. நடைச்சீட்டு இல்லாமல் போகும் லாரிகளும், ஊருக்குத் தெரியாமல் முடியும் ஏலமும் எண்ணெய் நாடுகளின் மறைவான கணக்குகளை நினைவூட்டலாம். ஆனால் தமிழ்நாடு அரசின் வருவாயில் கல்லின் பங்கு மிகச் சிறியது. பெரும்பகுதி மக்கள் கொடுக்கும் வரி, அதில் மதுக்கடை வழியாக வருவதும் அடக்கம். 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். அந்தப் பணம் எங்கே செலவானது என்று கிராம சபையில் கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. அத்தகைய கேள்விக்கு இடமில்லாத நாடுகளைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

இந்தியாவில் தேர்தல் வந்தால் பெட்ரோல் விலை ஏறாமல் நிற்கிறதே, அது எந்த வகை?

அது வாங்கும் நாட்டின் கணக்கு. தேவையான கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு, உலக விலை வீழ்வது வரி விதிக்க வாய்ப்பாகிறது. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 21.48 ரூபாயாகவும், டீசல் மீதானது 3.56 ரூபாயிலிருந்து 17.33 ரூபாயாகவும் உயர்ந்தன. விலை குறைந்த பயன் பெட்ரோல் பங்கில் வண்டி நிறுத்துபவருக்கு வந்து சேரவில்லை.

2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறும் முறை நடைமுறையில் இருந்தும், 2018 மே 12-இல் நடந்த கர்நாடகத் தேர்தலுக்கு முன் மூன்று வாரம் அளவுக்கு விலை அசையவில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் அசைந்தது. எந்தப் பக்கம் விலை குறைவு என்று பார்த்து, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்குப் போய் வண்டியை நிரப்பும் ஓசூர்க்காரர்களுக்கு இது அப்போதே தெரிந்திருக்கும். இந்த விளையாட்டு கண்டிக்கத்தக்கதே. என்றாலும், வாக்காளரைக் கண்டு அஞ்சும் அரசே இப்படிச் செய்யும். கஜகஸ்தானில் 2022 ஜனவரியில் வாகன எரிவாயு விலை உயர்ந்து மக்கள் கொதித்தபோது, அங்கே வந்தது ரஷ்யா தலைமையிலான படை.

மின்சார வாகனங்கள் பெருகி எண்ணெயின் தேவை குறைந்தால் அந்த நாடுகள் மக்களாட்சிக்கு மாறுமா?

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகும் மாவட்டத்திலிருந்து இக்கேள்வி வருவது இயல்பு. விலை ஓராண்டு விழுந்து மறு ஆண்டு எழுவது வேறு, எழாமலே இருப்பது வேறு. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் முன்பேர விலை பூச்சியத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு 37.63 டாலர் கழித்தல் கணக்கில் முடிந்தது; ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் 100 டாலரைக் கடந்தது. நிலையான வீழ்ச்சியை எந்த எண்ணெய் நாடும் இன்னும் சந்திக்கவில்லை. அப்படி ஒன்று வந்தால், பெரும் நிதியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் குவைத், அமீரகம் போன்றவற்றுக்கு நீண்ட அவகாசம் கிடைக்கும். அரசு வருவாயில் பத்தில் ஒன்பது பங்கை எண்ணெயிலிருந்து பெற்று, அதைக்கொண்டு பல லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் தரும் ஈராக்குக்கு அந்த அவகாசம் இல்லை.

வரி வந்தால் உரிமையும் வரும் என்ற எதிர்பார்ப்புக்குச் சவூதி ஒரு சோதனைக்களமாகியிருக்கிறது. 2018 ஜனவரியில் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அங்கே அறிமுகமானது. விலை சரிந்த 2020 ஜூலையில் அது 15 விழுக்காடாக்கப்பட்டது. பெண்கள் முதன்முறையாக வாக்களித்த 2015 நகராட்சித் தேர்தலுக்குப் பிறகு அந்நாட்டில் வேறு தேர்தல் நடக்கவில்லை. வரி வந்துவிட்டது, அதைச் செலவிடுவது பற்றிப் பேசும் ஆலோசனை மன்றத்தின் உறுப்பினர்களை இன்றும் மன்னரே நியமிக்கிறார்.